கழிக்காத எடை

மேயோவின் மழையில், கல்குவாரி வாசலில்
எடைப்பாலத்தில் வேலை எனக்கு.
லாரி ஏறும். எண் ஓடி நிற்கும்.
வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிச்சம் கல்.
பதினாறு வருடமாக நான் நம்பும் கணக்கு இது ஒன்றுதான்.
அதிகம் ஏற்றிக் குறைத்துச் சொல்பவனை
டயரின் பிதுக்கத்திலேயே பிடித்துவிடுவேன்.

அந்த இரவில் எதையும் பிடிக்கவில்லை.

டெர்வ்லாவின் வயிற்றில் கட்டிய பட்டைக்குப் பக்கத்தில்
இயந்திரத்திலிருந்து காகிதம் ஊர்ந்து வந்தது,
பிறக்காத இதயம் அதில் மேடும் பள்ளமுமாக.
இரண்டு பத்துக்குச் சுருள் தீர்ந்தது.
"பேப்பர் முடிஞ்சிருச்சு" என்றேன்,
கடையில் ரசீதுச் சுருள் தீர்ந்ததைச் சொல்வதுபோல,
சிரித்துக்கொண்டு.
இதோ வருகிறேன் என்று போன செவிலிக்குப் பணிநேரம் முடிந்தது.
அடுத்தவர் வந்து புதுச் சுருள் மாட்டியபோது
மணி இரண்டு நாற்பத்தெட்டு.
அதில் மேடே இல்லை.

அந்தச் சிரிப்பை யாரிடமும் சொன்னதில்லை,
வாக்குமூலத்திலும்.

முதல் வக்கீல் கோப்பை இரண்டு விரலால் திருப்பித் தள்ளினார்.
"ரெண்டு வருஷம் தாண்டினா கதவை மூடிருவாங்க" என்றான்
டெர்வ்லாவின் தம்பி.
ஆர்லா டெம்ப்ஸிதான் சொன்னார்,
குழந்தைக்குக் கடிகாரம் வேறு,
பதினெட்டு ஆகும்வரை அது ஓடத் தொடங்காது என்று.
"ஆனால் காகிதங்களுக்குக் கால் முளைக்கும்.
இன்றைக்கே எழுதிக் கேளுங்கள்."

கேட்டோம். எட்டு மாதம் கழித்து ஒரு பெட்டி வந்தது.

இந்தத் தீவில் எந்த மருத்துவரைத் தொட்டாலும்
இன்னொருவரின் வகுப்புத் தோழர்.
அதனால் கடல் தாண்டி, நியூகாசிலிலிருந்து ஒருவர் வந்தார்.
வெண்ணெய்த் தட்டை ஓரம் தள்ளிவிட்டு
எங்கள் சமையலறை மேசையில் முதல் துண்டை விரித்தார்.
நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் ஓடுமாம் அது.
அளவுகோல் வைத்து
முப்பத்தெட்டு சென்டிமீட்டர் இடம் விட்டு
அடுத்த துண்டை வைத்தார்.
நடுவில் மேசை தெரிந்தது,
காலை ரொட்டியின் துகள்களோடு.

ஏழாம் வருடம் ஒப்புக்கொண்டார்கள்.
பேரம் அதற்குப் பிறகுதான்.
நாற்காலி இவ்வளவு, இரவுத் தாதி இவ்வளவு,
குழாய்வழி உணவு இவ்வளவு,
எல்லாவற்றையும் வருடத்தால் பெருக்க வேண்டும்.
ரோஷீன் எத்தனை வருடம் இருப்பாள்?

அவர்களுடைய நிபுணர் இருபத்தாறு என்றார்.
எங்களுடையவர் நாற்பத்தேழு.
ஒவ்வொரு வருடம் குறையும்போதும் அவர்களுக்கு லாபம்.
டப்ளினில், நீதிமன்ற நடைபாதையில்,
சில்லறை விழுங்கும் காபி இயந்திரத்தின் அருகே
முப்பத்தைந்தில் வந்து நின்றது எண்,
என் பாலத்தில் நிற்பதுபோலவே
கொஞ்சம் நடுங்கி.

மன்னிப்புக் கடிதம் வாசிக்கப்பட்டது.
"தவறுகள் நேர்ந்தன."
யாரால் என்று தேடினேன். வாக்கியத்தில் அந்த இடம் காலி.
நீதிபதி எங்களை வாழ்த்தினார், உண்மையாகவே.
டெர்வ்லா நிமிரவில்லை,
மகளின் தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பணத்தில் கூரை உயர்ந்த வண்டி வாங்கினோம்.
சனிக்கிழமை அவளைக் குவாரிக்குக் கூட்டிப்போவேன்.
இருபது கிலோவுக்குக் குறைந்த வித்தியாசம்
என் பாலத்துக்குக் கண்ணில் படாது.
நாற்காலியோடு அவளை ஏற்றி நானும் பக்கத்தில் நின்றால்
சிவப்பு எண்கள் ஓடும். அது ஓடினால் அவள் சிரிப்பாள்.
நூற்று அறுபது.
நாற்காலியைக் கழிப்பதில்லை. என்னையும் கழிப்பதில்லை.

அவளுடைய முப்பத்தாறாவது பிறந்தநாளில்
எனக்கு எழுபத்து மூன்று.
அன்றைக்கு அந்த நிபுணரின் அலுவலகத்துக்கு
ஒரு கேக் அனுப்பப்போகிறேன், மெழுகுவர்த்திகளை எண்ணி.

பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது.
இறங்க மாட்டேன் என்கிறாள்,
அவளுக்கு இருக்கும் அந்த ஒரே சத்தத்தில்.